விடியலில் மூச்சுத் திணறும் மீன்கள்

கொல்லைப்புறத்தில் மீன் குளம் வைத்திருப்பவர்கள், விடிவதற்குச் சற்று முன் எழுந்து ஒருமுறை அதை எட்டிப் பாருங்கள். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. செடிதான் மண்டிக் கிடக்கிறதே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். பகலில் ஆக்சிஜன் தரும் செடி, இருட்டியதும் மீனோடு போட்டி போட்டு அதைச் சுவாசிக்கிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் கையிருப்பே குறைவு.

ஆனாலும் செடி வேண்டும். மீனின் செவுள் வழியே அம்மோனியா வெளியேறுகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் நல்ல உரம். செடி எடுத்துக்கொள்ளாவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும், தண்ணீர் பச்சையாகிவிடும். இந்த வேலைக்கு என் முதல் தேர்வு வேலம்பாசி; பெயரில்தான் பாசி, உண்மையில் நீருக்கடியில் வளரும் செடி. தண்டாலும் இலையாலுமே நீரிலுள்ள சத்தை உறிஞ்சும். வாரம் ஒரு கைப்பிடி அரித்து எடுத்தால், அது உண்ட கழிவும் அதோடு குளத்தைவிட்டுப் போய்விடும். எடுக்க மறந்தால் விடியற்காலைத் திணறல்தான்.

அல்லியின் கதை வேறு. மிதக்கும் இலையின் மேற்புறத்தில்தான் அதன் இலைத்துளைகள் இருக்கின்றன. அதனால் அது விடும் ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றுக்கே போகிறது. அல்லியைக் குடையாக நினைத்து வையுங்கள்: நிழல் தந்து நீரைக் குளிர்விக்கும், பாசிக்கு வெளிச்சத்தை மறைக்கும். எரு கலக்காத களிமண்ணில், தொட்டியோடு இறக்கி, மீன் கிளறாதபடி மேலே கூழாங்கல் பரப்பினால் போதும். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் பூவை எதிர்பார்க்காதீர்கள். கரையோரத்துக்கு வசம்பும் கல்வாழையும் பொருந்தும்.

ஆகாயத்தாமரையை மட்டும் வாங்காதீர்கள். கழிவை நன்றாகவே உறிஞ்சும், ஊதா நிறப் பூவும் அழகுதான். ஆனால் நல்ல வெயிலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அது நீர்ப்பரப்பை மூடிவிட்டால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைய வழியில்லை. நம் ஏரிகள் பல அதனால் மூச்சடைத்துக் கிடப்பதைப் பார்க்கவே வேதனையாக இருக்கிறது. எந்த இலை எவ்வளவு படர்ந்தாலும் பாதிப் பரப்பு வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கட்டும்.

கழித்தெடுத்த செடியை வாய்க்காலில் எறியாதீர்கள். வேலம்பாசியின் சிறு துண்டுகூட அங்கே துளிர்த்துவிடும். வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.