துப்பட்டி இருக்கக் ‘கட்டாடை’ எதற்கு?

“ஹைலாந்துப் பெண்கள் கட்டாடை அணிந்து தேவாலயம் சென்றனர்.” ஸ்காட்லாந்து பற்றிய மொழிபெயர்ப்புகளில் (ஹைலாந்து அந்நாட்டின் மலைப்பகுதி) இப்படி ஒரு வாக்கியம் வந்தால் இனி வாயை மூடிக்கொண்டு கடந்துபோக முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். ஒருவர் ஆக்கிய சொல்லை அடுத்தவர் எடுத்தாள, அதை இன்னொருவர் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க, இன்று ‘பிளெய்ட்’ என்று கண்ட இடமெல்லாம் ‘கட்டாடை’. சற்றுத் தயங்குகிறவர்கள் ‘கட்டம் போட்ட துணி’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. ஆண்களின் உடையைச் சொல்லும்போது இந்தத் தவறு ஓரளவு மறைந்துகொள்ளும். பெண்களின் உடையைச் சொல்லும்போது உடையே காணாமல் போய்விடுகிறது.

சொல்லின் வரலாறு நீளமானதன்று. ஸ்காட்லாந்தில் பிளெய்ட் என்பது ஒரு துணி. நீளமான, கம்பளியில் நெய்த, உடம்பைச் சுற்றிப் போர்த்துகிற துணி. ஹைலாந்து மக்களின் கேலிக் மொழியில் இதே சொல் இன்றும் போர்வையைக் குறிக்கிறது. கேலிக்கிலிருந்து, ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழிக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு, பொருளில் வழக்கில்லை. அந்தத் துணியில் காணப்படும் வண்ண அமைப்புக்கு வேறு பெயர்: டார்டன். அதுவும் முதலில் ஒருவகை நெசவுத் துணியின் பெயராக இருந்து, பிறகு கோலத்தின் பெயரானது. கம்பளியும் நாரும் கலந்து நெய்த துணிக்குப் பிரெஞ்சில் வழங்கிய ‘டிரெட்டேன்’ என்ற சொல்லோடு அதை உறவாக்குவார்கள். கேலிக் மொழியில் டார்டனுக்கு ‘பிரெக்கன்’ என்று பெயர். ‘பிரெக்’ என்றால் புள்ளியும் வரியுமாகப் பலநிறம் கொண்டது. உடம்பில் புள்ளி விழுந்த டிரவுட் மீனுக்கும் அங்கே அதே பெயர்தான். போர்வைகளில் டார்டன் மிகுதியாக இருந்ததால், கடல் கடந்து அமெரிக்கா போன ஆங்கிலத்தில் போர்வையின் பெயர் கோலத்துக்கு ஏறிக்கொண்டது. அங்கே எந்தக் கட்டம் போட்ட சட்டையும் ‘பிளெய்ட்’ சட்டை. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது அந்த அமெரிக்கப் பொருள். அதை வைத்துக்கொண்டு 1703இல் எழுதப்பட்டதைத் தமிழாக்குகிறார்.

அந்த ஆண்டைச் சும்மா சொல்லவில்லை. ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின், மேற்குத் தீவுகளைப் பற்றிய தம் நூலை 1703இல் வெளியிட்டார். பழைய பெண்ணுடையான ‘அரிசாட்’ பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான குறிப்பு அதில்தான் இருக்கிறது. அரிசாட் எப்படி இருந்தது? வெள்ளை நிறப் பிளெய்ட். அதில் கறுப்பு, நீலம், சிவப்பில் சில சிறு கோடுகள். கழுத்திலிருந்து குதிகால் வரை தொங்கும். மார்பின் முன்னால் வெள்ளியாலோ பித்தளையாலோ ஆன கொளுவி ஒன்று அதைப் பிணைக்கும்; வசதியுள்ளவர்களின் கொளுவி ஒரு தட்டு அகலம், அதன்மேல் விலங்கு உருவங்கள் செதுக்கியிருக்கும், அதன் நடுவே பளிங்கு பதித்த சிறிய கொளுவி இன்னொன்று. துணியைச் சுற்றிலும் கொசுவி, மார்புக்குக் கீழே தோல் கச்சையால் கட்டுவார்கள். கச்சையில் வெள்ளித் துண்டுகள் சங்கிலிபோலக் கோத்திருக்கும், அதன் நுனியில் செம்பவளம் தொங்கும். செஞ்சிவப்புத் துணியில் தைத்த சட்டைக் கைகள், தலையை இறுக்கிக் கட்டி முதுகில் இறங்கும் மெல்லிய நார்த்துணி, கன்னத்தின் வழியே மார்புவரை வழியும் கூந்தல் கற்றை, அதன் முனையில் நாடா முடிச்சு.

இப்போது ‘வெள்ளைப் பிளெய்ட்’ என்பதை அந்தக் கலைச்சொல் பட்டியலின்படி எழுதிப் பாருங்கள்: வெள்ளைக் கட்டாடை. வெள்ளையில் என்ன கட்டம்? மார்ட்டின் சொல்வது கோடுகளை, அதுவும் சிலவற்றை. பக்கத்தில் நின்று பார்த்தவர் வெள்ளை என்று எழுதுகிறார். நாம் கட்டம் என்று திருத்துகிறோம்.

1746இன் உடைச் சட்டத்திலும் இதே முட்டுச்சந்துதான். ஹைலாந்துக் கிளர்ச்சியாளர்களை அரசுப் படை முறியடித்த கலோடன் போருக்குப் பின் ஹைலாந்து உடையைத் தடைசெய்த சட்டம் அது. முதலில் பிளெய்ட், சிறு கில்ட் (ஆண்கள் இடையில் சுற்றும் கொசுவிய ஆடை), இறுகிய காற்சட்டை, தோள்வார் என்று உடைகளை வரிசைப்படுத்துகிறது. அதற்குப் பிறகு, டார்டன் பிளெய்டையோ பலவண்ணத் துணியையோ மேற்சட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. டார்டனும் பிளெய்டும் அங்கே அடுத்தடுத்து நிற்கும் இருவேறு சொற்கள். இரண்டையும் ‘கட்டம்’ என்று பெயர்த்தால் சட்ட வாசகம் ‘கட்டக் கட்டாடை’ ஆகும். அப்படியே அச்சானதைப் படித்திருக்கிறேன். இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். “ஸ்காட்லாந்தில் எல்லோருக்கும் டார்டன் தடைசெய்யப்பட்டது” என்று தமிழில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சட்டம் சொல்வது ‘ஆண் அல்லது சிறுவன்’ என்று. படைவீரர்களுக்கும் விலக்கு அளிக்கிறது. பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1782இல் சட்டம் நீக்கப்படும்வரை அவர்கள் போர்த்தியது சட்டத்தின் கைக்கு வெளியே இருந்தது.

சரி, ‘கட்டாடை’ தமிழாகவாவது நிற்கிறதா? கட்டம் + ஆடை என்றால் மகரம் கெட்டு, வகரம் தோன்றிக் ‘கட்டவாடை’ ஆக வேண்டும். காதில் ‘வாடை’ விழுமே என்று அஞ்சிச் சுருக்கினார்களோ என்னவோ. சுருக்கியதும் அது ‘கட்டு + ஆடை’ என்ற வினைத்தொகையாகிவிட்டது: கட்டிய, கட்டுகின்ற, கட்டும் ஆடை. வேட்டி கட்டும் ஆடை, சேலை கட்டும் ஆடை, லுங்கியும் கட்டும் ஆடைதான். தமிழ் படிக்கிறவன் அந்தச் சொல்லிலிருந்து கட்டத்தையும் எடுக்க முடியாது, போர்வையையும் எடுக்க முடியாது. புதுச்சொல் ஆக்குவதற்கு நான் எதிரியல்லன். தனித்தமிழ் இயக்கம் தந்த சொற்களில்தான் பேசுகிறேன், எழுதுகிறேன். ஆனால் புணர்ச்சியும் பிழை, பொருளும் பிழை என்றால் அது தூய தமிழ் என்ற காரணத்துக்காக மட்டும் அதற்கு இடம் கொடுக்க முடியாது.

இனி என் சொல். தூய்மை பார்த்தால் முதலில் வருவது ‘படாம்’. பரணர் பேகனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில், மயில் ‘உடாஅ போராஅ’ என்று அறிந்தும் அவன் அதற்குப் படாம் கொடுத்தான் என்கிறார். உடுப்பது வேறு, போர்ப்பது வேறு. ஒரே துணி இரண்டுக்கும் ஆகும். பிளெய்டும் அப்படிப்பட்டதுதான், அரிசாட்டில் இடைக்குக் கீழே உடை, மேலே போர்வை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் இன்றைய வாசகர் காதில் படாம் என்றால் யானையின் முகபடாம்தான் வந்து நிற்கும். ‘போர்வை’ குற்றமில்லாத சொல். ஆனால் வாசகர் மனத்தில் கட்டிலும் தூக்கமும் கூடவே வரும். ஹைலாந்தில் பிளெய்டைப் போர்த்துக்கொண்டு உறங்கினார்கள் என்பதும் உண்மை. அந்த இடத்தில் போர்வை என்றே எழுதலாம்.

பெண்கள் தலைமேல் போட்டு உடம்பைச் சுற்றி வெளியே நடந்துபோகும் பிளெய்டுக்கு நம்மிடம் இருக்கும் சொல் துப்பட்டி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது தலைமுதல் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணிக்கு அந்தப் பெயர். தென்மாவட்டங்களில் கனத்த போர்வையும் துப்பட்டிதான். வடசொல், இந்துஸ்தானிச் சொல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்தச் சொல்லின் வேரே ‘இரண்டு பட்டி’, அதாவது இரண்டு துணிப்பட்டைகளை இணைத்தது. ஸ்காட்லாந்துத் தறியின் அகலம் போதாததால் பிளெய்டையும் இரண்டு பட்டைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். 1720களில் இன்வெர்னெஸில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்மண்ட் பர்ட்டின் கடிதங்கள் 1754இல் அச்சாயின. சீமாட்டிகளின் பிளெய்ட் பட்டிலோ மெல்லிய கம்பளியிலோ நெய்தது, இரண்டு பட்டை அகலம், மூன்று கெஜம் நீளம் என்று அவர் எழுதுகிறார். தலைமேல் கொண்டுவந்து, வேண்டும்போது முகத்தை மறைக்கலாம், வேண்டும்போது காட்டலாம். ஒரு முனை கணுக்கால்வரை இறங்கும், மறு பகுதி எதிர்க்கையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும். எடின்பரோவில் விக் கட்சிப் பெண்ணா டோரி கட்சிப் பெண்ணா என்பதை அதைப் போர்த்தும் முறையை வைத்தே சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறார். அதற்கு முந்திய நூற்றாண்டில் எடின்பரோ நகர மன்றம் பெண்கள் இப்படி முகம் மறைத்து நடப்பதைத் தடுக்க ஆணையிட்டுப் பார்த்தது. வழக்கம் ஒழியவில்லை என்பதற்குப் பர்ட்டே சாட்சி. ‘கட்டம் போட்ட துணி’ என்று எழுதினால் நகர மன்றம் ஏன் கட்டத்தைத் தடைசெய்தது என்று வாசகர் விழிப்பார். ‘துப்பட்டி’ என்றால் ஒரு விளக்கமும் தேவையில்லை.

கோலத்துக்கு ‘டார்டன்’ என்றே எழுதுவோம். பாவில் ஓடும் அதே நிற வரிசை ஊடையிலும் ஓடி, சாய்வரி நெசவில் ஒன்றையொன்று கடக்கும்போது கலப்பு நிறங்கள் பிறக்கின்றன. ஆறு நிற நூல் போட்டால் துணியில் 21 நிறம் தெரியும். இதைப் பொதுவாகக் ‘கட்டம்’ என்றால் துவாலைக் கட்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் போகும். ஒலிபெயர்ப்பு வேண்டிய இடம் இது. பிளெய்டை ஒலிபெயர்த்தாலோ, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் ‘பிளேடு’ என்னும் சவரத் தகடாகவும் ‘பிளேட்’ என்னும் சாப்பாட்டுத் தட்டாகவும் படிக்கப்படும்.

கில்ட்டைப் ‘பாவாடை’ என்பவர்களிடமும் ஒரு சொல். ‘கில்ட்’ முதலில் வினை. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது. தூக்கிச் செருகுதல் என்று பொருள். ஆற்றைக் கடக்கவும் நடக்கவும் பெண்கள் தம் நீள்பாவாடையைத் தூக்கிச் செருகியதைத்தான் பழைய ஸ்காட்டிஷ் பாடல்களில் அந்த வினை சொல்கிறது. ஆண்களின் ஆடைக்கு அது பெயரானது பிறகு. இதை மறந்து “ஸ்காட்டியப் பெண்களும் மரபாகக் கில்ட் பாவாடை அணிந்தனர்” என்று எழுதுகிறார்கள். பெண்களின் மரபுடை கில்ட் அன்று. இன்று கடைகளில் பெண்களுக்கு விற்கும் கொசுவப் பாவாடை கில்ட்டின் சாயலில் தைத்தது. அதற்குத்தான் பாவாடை என்ற சொல் பொருந்தும்.

இன்று திருமணங்களிலும் நடன அவைகளிலும் பெண்கள் தோளில் போடும் டார்டன் துணியைத் ‘தாவணி’ என்கிறார்கள். தாவணி இடையில் செருகுவது. இது தோளில் குத்தூசியால் நிற்பது. மார்புக்குக் குறுக்காகத் தோளேறும் துணிக்கு ‘மேலாக்கு’ என்ற சொல் இருக்கிறதே! ஸ்காட்லாந்தில் குலச்சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி லார்ட் லயனின் ஒப்புதலோடு வழங்கும் முறைப்படி, குலப்பெண் வலத்தோளில் போடுவார். குலத்தலைவரின் மனைவியும் ஸ்காட்டியப் படைப்பிரிவுக் கர்னலின் மனைவியும் இடத்தோளில் போடுவார்கள். வேறு குலத்தில் மணமான பெண் பிறந்த வீட்டு டார்டனைப் போட விரும்பினால், நீளமான மேலாக்கை வலத்தோளில் குத்தி இடது இடுப்பில் பெரிய முடிச்சாகக் கட்டுவார். நடனமாடுகிறவர்கள் முன்பக்கம் தடையில்லாமல் இருக்க, பின்னிடுப்பில் பிணைத்து வலத்தோளிலிருந்து பின்னால் விழவிடுவார்கள். தோளும் முடிச்சும் இங்கே உறவுமுறையைச் சொல்கின்றன. மொழிபெயர்ப்பில் எல்லாமே “தாவணி அணிந்தாள்” என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. போர்த்தினாள், உடுத்தினாள், செருகினாள், பிணைத்தாள், முடிந்தாள், குத்தினாள் என்று நமக்கு இத்தனை வினைகள் இருக்க, கண்ணாடி முதல் செருப்பு வரை ‘அணிந்தாள்’ என்று எழுதும் பழக்கம் எப்போது வந்தது? அரிசாட் பற்றிய ஒரே பத்தியில் இந்த ஆறு வினைகளில் குறைந்தது நான்கு வேண்டும்.

‘அபாய்ன் உடை’யை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். ஸ்காட்லாந்தின் அபாய்ன் ஊர் விளையாட்டு விழாவில் 1950களில் நடனப் பெண்கள் ஆண்களின் கில்ட் உடையில் ஆடுவதைத் தவிர்க்கச் சொன்னபோது பிறந்தது அது: வெள்ளை ரவிக்கை, மேலே இறுகிய கைகளற்ற மேற்சட்டை, டார்டன் பாவாடை, தோளில் சிறு துப்பட்டி. இன்றும் வாள் நடனத்துக்குக் கில்ட், ‘ஃபுளோரா மெக்டொனால்ட்’ நடனத்துக்கு இந்த உடை. ஊர்ப்பெயரால் வழங்கும் உடை அது. காஞ்சிபுரம் என்று ஊரைச் சொல்லிச் சேலையை எடுக்கிற நமக்கு அதில் சிக்கல் இல்லை.