'பச்சை' என்று எழுதிய சிவப்பு

சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'பச்சை' என்று எழுதுங்கள். நீலப் பேனாவால் 'சிவப்பு'. பச்சைப் பேனாவால் 'நீலம்'. இப்படியே மாற்றி மாற்றி இருபது சொற்கள். இப்போது சொல்லை விட்டுவிட்டு, மையின் நிறத்தை மட்டும் மளமளவென்று சொல்லிக்கொண்டே வாருங்கள். நாலைந்து சொல்லுக்குள் நாக்கு குழறும். 'சிவப்பு' என்று சொல்ல வாயெடுத்தால் 'பச்சை' முந்திக்கொண்டு வரும்.

இதை முறையாக அளந்து 1935-இல் வெளியிட்டவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப். நூறு வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 விநாடி ஆனது. சதுரங்களுக்குப் பதிலாக, மையோடு பொருந்தாத நிறப்பெயர்களை அச்சிட்டுக் கொடுத்ததும் 110 விநாடி! சரி, நிறத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் படிக்கச் சொன்னால்? கறுப்பு மையில் இருப்பதைப் படிப்பதைவிட இரண்டு விநாடி சொச்சம்தான் கூடியது.

காரணம், படிப்பது நமக்கு ஊறிப்போன வேலை. பேருந்துப் பலகை, கடைப்பெயர், மிட்டாய்த்தாள் என்று காலை முதல் இரவு வரை படித்துக்கொண்டே இருக்கிறோம். கண்ணில் பட்டதுமே எழுத்து சொல்லாகிவிடுகிறது. வேண்டாம் என்றாலும் நிற்பதில்லை. நிறத்துக்குப் பெயர் சொல்வதில் அத்தனை பழக்கம் இல்லை. இரண்டு விடைகளும் ஒரே வாய்க்குப் போட்டியிட, முந்தி வந்ததை மூளை அடக்கிவிட்டுத்தான் சரியானதை வெளியே விட வேண்டும். அந்த இழுபறிக்குத்தான் கூடுதல் நேரம். தடுமாறுகிறவரைப் பார்த்துக் கவனமில்லை என்று சொல்வது அநியாயம். அவர் நன்றாகப் படிக்கப் பழகியதன் விளைவு அது.

பழக்கம்தான் காரணம் என்பதற்கு 1988-இல் வெளியான மெக்லௌட், டன்பார் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த சான்று. அர்த்தமில்லாத நான்கு உருவங்களுக்கு நிறப்பெயர்களைச் சூட்டி, அந்தப் பெயர்களைச் சொல்லப் பழக்கினார்கள். முதல் நாளில், உருவத்தின் பெயரைச் சொல்லும்போது அதில் பூசிய நிறம் குறுக்கிட்டது. நிறத்தைச் சொல்வதில் சிக்கலே இல்லை. இருபது நாள் பயிற்சிக்கு அப்புறம் நிலைமை தலைகீழ்: நிறத்தைச் சொல்லப் போனால் உருவத்தின் பெயர் குறுக்கே வந்தது.

உங்கள் தாளை இன்னும் எழுத்துத் தெரியாத குழந்தையிடம் காட்டிப் பாருங்கள். நீங்கள் திக்கிய இடத்தில் அது நிற்காமல் போகும். அதே சொற்களைத் தெலுங்கு எழுத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். தெலுங்கு படிக்கத் தெரியாதவர் என்றால், நீங்களும் அந்தக் குழந்தை போலவே தடங்கலின்றிச் சொல்லிவிடுவீர்கள்.