செத்தது டிஸ்க்கா, பெட்டியா?

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கணினியில் தெரியவில்லை என்றால் முதலில் அதைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சத்தம்தான் பாதி நோயைச் சொல்லும்.

எந்தச் சத்தமும் இல்லையா? பெரும்பாலும் அது நல்ல செய்தி. பல மாடல்களில் உறைக்குள் இருப்பது கணினிகளில் வரும் வழக்கமான சாட்டா டிஸ்க்கும், அதை யூஎஸ்பியோடு இணைக்கும் ஒரு சின்ன பிரிட்ஜ் போர்டும்தான். மின்சாரம் டிஸ்க்கைப் போய்ச் சேராமல் இருக்கலாம். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். பின் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டால், டிஸ்க்கின் போர்டில் இருக்கும் டிவிஎஸ் டயோடு அதிக மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த டயோடை எடுத்துவிட்டுச் சரியான அடாப்டரைக் கொடுத்தால் பல டிஸ்க்குகள் மீண்டும் சுழலும். இனி அதற்குப் பாதுகாப்பு கிடையாது. டேட்டாவை எடுத்ததும் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கின் போர்டே எரிந்திருந்தால் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கும். அதையும் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும்.

'டக்... டக்...' என்று கேட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். தகட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி டேட்டாவைப் படிக்கும் ஹெட் பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தகட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரீஸரில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும். இது டேட்டா ரெக்கவரி ஆய்வகத்தின் வேலை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஆமை வேகமா? டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 5 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) ஆகிய எண்களுக்கு நேரே உள்ள 'ரா' (raw) மதிப்பு ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் ஃபார்மட், செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவி) இரண்டையும் தொடாதீர்கள். பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) மென்பொருள் கொண்டு வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, மீட்பு வேலையை அந்த நகலில் செய்யுங்கள்.

பழைய பிரிட்ஜ் போர்டையும் தூக்கி எறிய வேண்டாம். சில மாடல்களில் டேட்டாவைப் பூட்டித் திறப்பது அந்த போர்டுதான்.