கேட்டை நட்சத்திரத்தில் காந்தம்: அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்து அலசுவது என் தொழில். வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். எங்கள் தோட்டப்புறத்தில் இன்றும் கல்யாணப் பேச்சில் "பொண்ணு கேட்டை" என்றதும், மாப்பிள்ளைக்கு மூத்த அண்ணன் இருந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இப்போது "கேட்டையில் காந்த சக்தி, விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஞ்ஞானிகள் காந்தத்தைக் கண்டது உண்மைதான். கேட்டை என்பது விருச்சிகத்தில் மூன்று நட்சத்திரங்கள். நடுவில் சிவந்த அன்டாரெஸ். இருபுறமும் சிக்மா, டாவ் என்ற இரண்டு, சூரியனைவிடப் பல மடங்கு கனத்த, கொதிக்கும் நீல நட்சத்திரங்கள். டாவுக்குச் சுமார் 500 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) காந்தப் புலம் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூமிக்கு அரை காஸ் அளவுதான்.

சிக்மா வேறு ரகம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரிந்து சுருங்கித் துடிக்கிறது. இப்படித் துடிப்பவற்றில் காந்தம் தேடும்போதுதான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

காந்தப் புலத்தில் நிறமாலைக் கோடுகள் (ஒளியைப் பிரிக்கும்போது தெரியும் மெல்லிய கோடுகள்) பிளவுபடும் என்று 1896-இல் இயற்பியலாளர் பீட்டர் சீமன் கண்டார். சூடான நட்சத்திரங்களில் கோடுகள் அகலமானவை, பிளவு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கோட்டின் இரு ஓரங்களிலும் ஒளி எதிரெதிராகச் சுழல்கிறதா என்று பார்க்கிறோம். கருவியின் கோணத்தை மாற்றி மாற்றி நான்கு பதிவுகள். ஒரு விதமாகச் சேர்த்தால் காந்தத்தின் தடம் வரும். இன்னொரு விதமாகச் சேர்த்தால் அது அடிபட்டு, தட்டையான கோடு மட்டும் மிஞ்ச வேண்டும். பதிவுகளுக்கு நடுவே நட்சத்திரம் துடித்து மேற்பரப்பு நகர்ந்திருந்தால், அந்தத் தட்டைக் கோட்டிலும் நெளிவு விழும். எந்தத் தரவு வந்தாலும் நான் முதலில் திறப்பது அந்தக் கோட்டைத்தான். நெளிந்திருந்தால் மேலே போக மாட்டேன்.

பீட்டா செஃபெய் என்ற நட்சத்திரம் நல்ல உதாரணம். நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கும். அதன் காந்த அளவோ துடிப்போடு அல்ல, அது தன்னைத்தானே சுற்றும் 12 நாள் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது, அதனால் நம்பலாம். சிலியில் எடுத்த அளவீடுகளை வைத்துக் காந்தம் உண்டென்று அறிவித்த வேறு சில நட்சத்திரங்களோ நுட்பமான கருவிகளில் மறுபடி பார்த்தபோது தேறவில்லை. பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், கனத்த சூடான நட்சத்திரங்களில் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கே காந்தம் தெரிந்தது.

சரி, டாவின் காந்தம் நம் பிள்ளையைத் தொடுமா? காந்தப் புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகிவிடும். டாவ் இருப்பதோ 400 ஒளியாண்டுக்கும் அப்பால். அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்வது ஒளிதான். பெண் பார்க்க வந்தவர்கள் இந்த ஆய்வை எடுத்துக் காட்டினால், அதில் மூத்த அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.