யாருடைய ரத்தத்தில் தொடங்குவது?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றதும் பலரும் பதறிப்போய் மகளைத்தான் மரபணுச் சோதனைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஜிப்மரில் சிகிச்சையில் இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு, கடலூரில் நன்றாக இருக்கும் மகளிடம் ரத்தம் எடுத்தால், 'பிழை இல்லை' என்ற அறிக்கைக்கு மூன்று அர்த்தம் உண்டு: அம்மாவின் மரபணுப் பிழை மகளுக்கு வரவில்லை, அல்லது அது சோதனை பார்க்காத வேறொரு மரபணுவில் இருக்கிறது, அல்லது அம்மாவின் நோயே பரம்பரையாக வந்ததல்ல. எது என்று சொல்ல வழியில்லை. நோயாளியிடம் பிழை தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும்.

மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது 100க்கு 5 முதல் 10தான். அதில் முக்கியமானவை 17ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ1, 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்கள். டிஎன்ஏவின் இரு இழையும் ஒருசேர அறுந்தால், நல்ல பிரதியைப் பார்த்துச் சரிசெய்வது இவற்றின் வேலை. இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகவே பிறந்தவருக்கு, ஏதாவது ஒரு செல்லில் இன்னொன்றும் போனால் பிழைகள் குவியத் தொடங்கும். அப்படிப்பட்ட பெண்களுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம்.

தென்னிந்தியக் குடும்பங்களிலும் காணப்பட்ட 185டெல்ஏஜி என்ற பிழையைப் பாருங்கள். பிஆர்சிஏ1இல் இரண்டே டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருக்கும். செல் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை அதோடு குலைந்து, 1863 அமினோ அமிலம் நீளவேண்டிய புரதம் 40ஐ எட்டும் முன்பே நின்றுவிடுகிறது.

ரத்தம் 3 முதல் 5 மில்லி, ஊதா மூடிக் குழாயில். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்; குலுக்கக் கூடாது. பச்சை மூடிக் குழாய் ஆகாது, அதிலுள்ள ஹெப்பாரின் டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியை முடக்கும். சித்திரை வெயிலில் சென்னைக்கு அனுப்பினால் ஐஸ் பேக் வேண்டும், ஆனால் குழாய் அதில் நேராகப் படக் கூடாது. ரத்தம் குளிரில் பனிக்கட்டிபோல உறைந்தால் சிவப்பணுக்கள் உடையும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் ரத்தத்தில் கிடைப்பது கொடையாளியின் டிஎன்ஏ. அவருக்குத் தோல் மாதிரிதான் சரி.

ஆய்வகம் ஒவ்வோர் எழுத்தையும் நூறு முறைக்கு மேல் படிக்கும். பிறவிப் பிழை என்றால் ஏறக்குறைய பாதி வாசிப்பில் அது தெரியும். பத்தில் ஒன்றில் மட்டும் தெரிந்தால், அது பிறவிப் பிழைதானா என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால், எழுத்துப் பிழை எதுவும் தெரியாது. அந்த இடத்தின் வாசிப்பு எண்ணிக்கைதான் பாதியாகும். இதைத் தவறவிடாமல் பிடிக்க எம்எல்பிஏ என்ற தனிச் சோதனை உண்டு. அறிக்கையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்பா வழியையும் விசாரிக்க வேண்டும். பிழை ஆண்கள் வழியாகவும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். மாமன் மகளைக் கட்டுவதால் பிழை புதிதாக உண்டாகாது. ஆனால் ஒரே பாட்டியிடமிருந்து பிஆர்சிஏ2 பிழை கணவன், மனைவி இருவருக்கும் வந்திருந்தால், குழந்தைக்கு இரு பிரதியும் பழுதாகி, எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் அரிய நோயான ஃபான்கோனி ரத்தசோகை வரலாம்.

அறிக்கையில் அதிகம் குழப்புவது 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்ற வரி. உலகத் தரவுத்தளங்களில் இந்தியர்களின் தகவல் குறைவு என்பதால் நம்மவர்களுக்கு இது அடிக்கடி வரும். இதை மட்டும் நம்பி மார்பை அகற்றக் கூடாது, சொந்தக்காரர்களையும் சோதனைக்கு இழுக்கக் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுபரிசீலனை கேளுங்கள். பழைய தரவே போதும், பெரும்பாலும் மறுபடி ஊசி தேவைப்படாது.