ஃபாதம்: கடலின் ஆழத்தைக் கையால் அளந்த காலம்

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால், ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனி வரை உள்ள நீளமே ஃபாதம். பிற்காலத்தில் அது ஆறு அடி, அதாவது 1.8288 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல் விரித்த கைகளையும் அணைப்பையும் குறித்தது. அதன் வினைவடிவத்துக்குத் தழுவுதல் என்று பொருள். கைவிரித்து அளப்பதும் ஆழம் காண்பதும் பின்னர் வந்த பொருள்கள். ஒரு செய்தியின் அடிவரை சென்று புரிந்துகொள்வது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. நம் மீனவர்கள் ஆழத்தைச் சொல்லப் பயன்படுத்தும் 'பாகம்' என்பதும் இதே கைவிரிப்பளவுதான். கடலிலிருந்து கயிற்றை மேலே இழுக்கும்போது, ஒவ்வொரு இழுப்பிலும் கைகள் விரியும் அளவுக்குக் கயிறு வந்து சேர்வதால், இழுப்புகளை எண்ணினாலே ஆழம் தெரிந்துவிடும்.

ஆங்கிலக் கப்பல்களில் இதற்கென ஏறத்தாழ 25 ஃபாதம் நீளமுள்ள கயிறும், அதன் நுனியில் 7 முதல் 14 பவுண்டு வரை எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. கப்பலின் பக்கத்தில் நிற்கும் மாலுமி குண்டைச் சுழற்றி முன்னோக்கி வீசுவார். அது தரையைத் தொடுவதற்கும், நகரும் கப்பல் அந்த இடத்துக்கு நேர் மேலே வந்து கயிறு செங்குத்தாவதற்கும் பொழுது சரியாக இருக்க வேண்டும். கயிற்றில் 2 ஃபாதத்தில் இரண்டு தோல் நறுக்குகள், 3இல் மூன்று, 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புக் கொடித்துணி, 10இல் துளையிட்ட தோல், 13இல் நீலக் கம்பளித் துணி என அடையாளங்கள் கட்டப்பட்டிருந்தன. நிறம் மட்டுமல்லாமல் துணியின் வகையும் மாறியது வீணான அலங்காரமன்று: கும்மிருட்டில் விரலால் தடவியே ஆழத்தைச் சொல்ல முடிந்தது. மிசிசிப்பி நீராவிப் படகுகளில் 2 ஃபாதம் ஆழத்தை அறிவித்த 'மார்க் ட்வைன்' என்ற குரலையே அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் கிளெமன்ஸ் தம் புனைபெயராக்கிக் கொண்டார்.

குண்டின் அடியில் இருந்த சிறு குழியில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள். தரையின் மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கடல் வரைபடத்தில் குறித்துள்ள தரைவகையோடு ஒப்பிட்டால், மூடுபனியிலும் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஓரளவு கணிக்கலாம்.

ஆழ்கடலில் இந்த முறை எடுபடாது. ஆயிரக்கணக்கான ஃபாதம் கயிறு இறங்கிய பின், குண்டு தரையைத் தொட்டதைக் கை உணர்வதில்லை. கயிறு தன் எடையாலேயே தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பலில், இதற்குக் கடிகாரத்தைத் துணைக்கொண்டார்கள். ஒவ்வொரு 100 ஃபாதமும் இறங்க எடுத்த நேரத்தைக் குறித்துவந்தார்கள். கயிறு நீள நீள நீரின் உராய்வு கூடுவதால் அந்த இடைவெளி படிப்படியாக வளரும், அது சட்டென்று நீண்டால் குண்டு தரையில் அமர்ந்துவிட்டது என்று பொருள். 1875 மார்ச் 23 அன்று பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழிப் பகுதியில் அவர்கள் கண்ட ஆழம் 4,475 ஃபாதம், அதாவது ஏறத்தாழ 8,184 மீட்டர். சணல் கயிற்றால் இதைச் சாதித்தார்கள் என்பதை இன்றும் வியக்கத்தான் வேண்டும்.

பின்னர் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், அதே பத்தாண்டில் கயிற்றுக்குப் பதிலாகப் பியானோக் கம்பியைப் புகுத்தினார்; மெல்லியதாகவும் வழுவழுப்பாகவும் இருந்ததால் அதன்மீது நீரின் உராய்வு மிகக் குறைவு. கப்பலை நிறுத்தாமலேயே ஆழம் காண, மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாயையும் அவர் இணைத்தார். குழாயின் உட்புறத்தில் சிவப்பு நிற வெள்ளிக் குரோமேட் பூச்சு இருக்கும். ஆழம் செல்லச் செல்லக் கடல்நீர் உள்ளே ஏறிக் காற்றை அழுத்தும். நீர் தொட்ட இடம் வரை பூச்சு வெள்ளிக் குளோரைடாக மாறி வெளுத்துவிடும். சுமார் 10 மீட்டரில் காற்று பாதியாகவும், 30 மீட்டரில் கால்பங்காகவும் சுருங்குவதால், கம்பி சாய்வாக இழுபட்டாலும் அளவு தவறாது. ஆனால் ஆழம் கூடக் கூட அளவுக்கோடுகள் நெருங்கிவிடுவதால், துல்லியம் குறைந்துகொண்டே போகும்.

இன்றைய எதிரொலிக் கருவி, கடல்நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தின் பாதியைக் கணக்கிடுகிறது. சேலஞ்சர் கண்ட அந்த ஆழத்துக்கு அது 11 விநாடி வேலை. வெப்பநிலை, உப்பளவு, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதால், திருத்தங்களும் தேவை. பெரும்பாலான நாடுகளின் வரைபடங்கள் மீட்டருக்கு மாறிவிட்டாலும், அமெரிக்க வரைபடங்கள் பலவற்றில் ஃபாதம் நீடித்து வந்துள்ளது. ஆகவே வரைபடத்தைப் பிரித்ததும் முதலில் அலகைத்தான் பார்க்க வேண்டும். மீட்டரில் குறித்த 5 என்ற எண்ணை ஃபாதம் என்று படித்தால், 5 மீட்டர் நீரே உள்ள இடத்தில் 9 மீட்டருக்கு மேல் இருப்பதாக எண்ணிக் கப்பலைச் செலுத்த நேரும்.