குல்மார்க் போகும் முன் வைகை மணலில் பீக்கன் பழகுங்கள்

குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போகும் மதுரைப் பசங்க முதல் வருடம் அடிவாரத்தில் விழுந்து எழுந்து சறுக்குகிறார்கள். அடுத்த வருடமே கொண்டோலா என்ற கேபிள் காரில் அஃபர்வாட் மலை ஏறி, ஆள் படாத சரிவில் இறங்க ஆசை வந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியில் அந்த மலையில்தான் வெளிநாட்டினர் இரண்டு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு வைகை மணலில் பீக்கன் பழக்கிவிடுவது என் வேலை.

பீக்கன் உடம்போடு கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ கருவி. 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சிக்னலைப் பிடித்துப் போவார்கள். எந்தக் கம்பெனி வாங்கினாலும் அலைவரிசை ஒன்றுதான். மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் கருவியாகப் பாருங்கள். பழைய ஒற்றை ஆன்டெனா மாடல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நீங்கள் புதைந்தால், கூட வருகிறவருக்குத் தேடத் தெரிந்தால்தான் பிழைப்பீர்கள். முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் நிலைமை தலைகீழ். மீட்புக் குழு வரும்வரை மூச்சு தாங்காது. ஆகவே பனிக்குள் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பியும் பனியைத் தோண்டும் ஷவலும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். "குரூப்புக்கு ஒரு ஷவல் போதாதாண்ணே?" என்று கேட்பார்கள். ஷவல் வைத்திருப்பவரே புதைந்துபோனால்?

பயிற்சியில் ஒரு கருவியை டப்பாவில் போட்டு மணலில் புதைத்துவிடுவேன். ஒரு தம்பி தேடக் கிளம்பினார். திரையில் தூரம் காட்டும் எண் 31, 34, 27, மறுபடி 33. அம்புக்குறி இடமும் வலமும் ஆடியது. "மிஷின் சரியில்லண்ணே." சட்டைப் பையில் போன், மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச்! இரண்டையும் எடுத்து வைத்ததும் அம்பு ஒழுங்குக்கு வந்தது. தேடும்போது மின்னணுப் பொருள் எதுவும் கருவிக்கு 50 செ.மீ. அருகில் இருக்கக் கூடாது. சிக்னல் அனுப்பும்போது 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஹீட்டர் கையுறை, கேமரா எல்லாமே இதில் சேர்த்தி.

அம்பு வளைந்து வளைந்துதான் கூட்டிப்போகும், அது கோளாறில்லை. எண் குறைகிறதா என்று பாருங்கள், ஏறினால் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். 3 மீட்டருக்குள் வந்ததும் ஓடாதீர்கள். கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். அவசரத்தில் எல்லோரும் சொதப்புவது இங்கேதான். எண் மிகக் குறைவான இடத்தில் ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். தட்டுப்படவில்லையா, 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். தட்டுப்பட்டால் கம்பியை உருவாதீர்கள். சரிவில் அதற்குக் கீழே நின்று, அதை நோக்கித் தோண்டிக்கொண்டு போங்கள்.

தினமும் காலையில் சறுக்கத் தொடங்கும் முன் ஒவ்வொருவர் கருவியும் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று ஒருவரையொருவர் சோதியுங்கள். பீக்கன் இருக்கிறதே என்று தைரியமாகச் சரிவில் இறங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். மரத்திலோ பாறையிலோ மோதி அடிபடுகிறவரை அது காப்பாற்றாது. பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிட்டு, ஆபத்தான நாளில் ரூமிலேயே இருங்கள்.

பேட்டரி விஷயம்: கருவியின் கையேடு சொல்லும் வகையை மட்டும் போடுங்கள். ஊர் திரும்பியதும் கழற்றிவிடுங்கள். மதுரை வெயிலில் பரணில் கிடந்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.